கதிர்வீச்சுக்குப் பின் செர்டோலி செல்கள் அழிந்துவிட்டனவா?
வணக்கம் நண்பரே. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து எட்டு மாதங்களாகியும் விந்தணு தென்படவில்லை, எஃப்எஸ்ஹெச் (மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரந்து விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) உயர்ந்திருக்கிறது, ஆகவே விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்கள் அழிந்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது.

வளர்ந்த ஆணின் செர்டோலி செல்கள் பிளவுபடுவதை நிறுத்திவிட்டவை என்பதால், ஓயாமல் பிளவுபடும் விந்தணு முன்னோடிச் செல்களை 1 கிரேக்கும் (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) குறைந்த அளவே வீழ்த்திவிடும்போதும் இவை பிழைத்திருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், விரைக்குள் விந்தணு உருவாகும் நுண்குழல் வெறுமையாகி, அதன் சுவரை ஒட்டி இவை மட்டும் தனித்து நிற்பது தெரியும். பேணுவதற்கு விந்தணுக்களே இல்லாதபோது, எஃப்எஸ்ஹெச்சை அடக்கிவைக்கும் ஹார்மோனான இன்ஹிபின் பி இவற்றிலிருந்து சுரப்பது குறைகிறது. அதனால் பிட்யூட்டரியின் மீதான கட்டுப்பாடு தளர்ந்து எஃப்எஸ்ஹெச் ஏறுகிறது.

விரைக்கு 2 முதல் 3 கிரே பட்டிருந்தால் மீட்சிக்குச் சில ஆண்டுகள் ஆகக்கூடும். எனவே தயவுசெய்து அந்த அளவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். எட்டு மாதத்தில் நம்பிக்கையைக் கைவிட வேண்டாம்.