மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது? கேள்வி பதில்

சென்னையில் கழிவுநீர்க் குழாய்ப் பணியில் 30 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். பாதாள சாக்கடை பற்றிக் கேளுங்கள். கரன்ட், கேபிள், பட்டா எல்லாம் வேறு ஆட்களிடம்.

கார்த்திக், அம்பத்தூர்: மேன்ஹோல் மூடி ஏன் வட்டம்?

வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் தன் குழிக்குள் விழாது. சதுர மூடியை நிமிர்த்தி மூலைவாக்கில் விட்டால் உள்ளே போய்விடும். அப்புறம், வட்டத்தை உருட்டிக்கொண்டு போகலாம். தூக்க இரண்டாவது ஆள் வராத நாளில்தான் அதன் அருமை புரியும்.

தமிழ்ச்செல்வி, போரூர்: இரும்பு மூடியை எடுத்துவிட்டு சிமென்ட் மூடி போட்டிருக்கிறார்கள். தாங்குமா?

தாங்கும், இடத்துக்கு ஏற்ற தரமாக இருந்தால். இரும்பு மூடி ராத்திரியில் காணாமல்போய்ப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். அதனால்தான் கான்கிரீட்டுக்கு மாறினோம். எஃகு இழை கலந்த கான்கிரீட் மூடியை உருவாக்கியதில் நம் தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உடைத்தால் யாருக்கும் காசு தேறாது என்பதே அந்த மூடியின் பாதுகாப்பு!

மூடியின் மேலேயே தரம் பொறித்திருக்கும், பாருங்கள். எல்டி (லேசான சுமை) 2.5, எம்டி (நடுத்தரம்) 10, எச்டி (கனம்) 20, இஎச்டி (மிகக் கனம்) 35. அந்த எண் டன் கணக்கு. நடைபாதைக்கான 2.5-ஐக் கொண்டுவந்து தண்ணி லாரி திரும்புகிற முனையில் போட்டால் ஒரு மாதம்கூட நிற்காது. இன்னொன்று: வண்டி ஏறும்போதெல்லாம் ‘டடக்’ என்று சத்தம் வந்தால், மூடி சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. அது சீக்கிரம் உடையும். சத்தம் கேட்ட அன்றே புகார் சொல்லுங்கள்.

பிரபு, ஆவடி: மூடி ஏன் வட்டமாக இருக்கிறது சார்?

முதல் பதில்.

ரேவதி, மடிப்பாக்கம்: மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. மேன்ஹோலைத் திறந்துவிட்டால் அரை மணியில் வடிகிறது. அதில் என்ன தப்பு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வடியவில்லை அம்மா, இடம் மாறுகிறது.

மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் தனித்தனி. உள்தெருவில் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் 6 அங்குலம், 8 அங்குலம்தான். குளித்த நீரும் கழிவறை நீரும் சரிவில் ஓடிக் கழிவுநீரேற்று நிலையத்துக்குப் போக அது போதும். மழைக்கு? கணக்குப் போடுவோம். ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,200 லிட்டர். நாலு கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு 9,000 லிட்டர் லாரி. உங்கள் தெருவில் எத்தனை கிரவுண்ட், பெய்தது எத்தனை சென்டிமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள். நீரேற்று நிலையத்து பம்ப் திணறும், குழாய் நிரம்பும், தாழ்வான தெருவில் தரைத்தள வீட்டுக் கழிவறை வழியாகப் பொங்கும்.

தண்ணீரோடு மணலும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகும். மழை விட்ட பிறகும் வாரக்கணக்கில் அடைப்பு. எல்லாவற்றையும்விட, கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது. மூடியைத் திறக்காதீர்கள்.

ரேவதி: வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது பாடம் நடத்துகிறீர்கள். வடிகால் ஒழுங்காக இருந்தால் நாங்கள் ஏன் திறக்கப் போகிறோம்?

சலீம், அதே பகுதி: நீங்கள் திறந்துவிடுகிற தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது அக்கா. போன மழையில் எங்கள் பாத்ரூமே குளம்.

ரேவதி: அப்போ நாங்கள் மூழ்கணுமா தம்பி?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். வடிகால் இல்லாதது உங்கள் குற்றம் இல்லை அம்மா, கோபம் நியாயம்தான். அந்தக் கோபத்தோடு மாநகராட்சியின் 1913-ஐ அழையுங்கள், தெரு மொத்தமும் அழையுங்கள். மோட்டார் வைத்து இறைப்பது அவர்கள் வேலை.

நானும் ஒருமுறை திறந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஐப்பசி அடைமழை, தெருவே கூடி நின்று சத்தம் போட்டது. பயந்து திறந்தேன். தண்ணீர் இறங்கியதும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் மூன்று நாள் அந்தக் குழாயில் மணல் எடுத்தோம். கீழ்த்தெருக்காரர்கள் டீ தரவில்லை.

உங்கள் மொட்டைமாடிக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ‘திறப்பதே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே அந்த வழியாக மழையை அனுப்புகிறவர்கள் நிறைய.

முருகன், தாம்பரம்: வீட்டு முன் கேபிள் பதிக்கத் தோண்டுகிறார்கள். குழாய் எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோண்டுகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கென்றே 2023-இல் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலி கொண்டுவந்தது. மின்கம்பி பற்றி மின்வாரியத்தைக் கேளுங்கள்.

அனிதா, வளசரவாக்கம்: அடுக்ககத்தில் அடைப்பு. ஒருவர் 1,500 ரூபாய்க்கு உள்ளே இறங்கி எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அவரே ஒப்புக்கொண்டாலும் வேண்டாம்.

குழிக்குள் இருக்கும் விஷவாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆரம்பத்தில்தான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ‘வாடை இல்லை, இறங்கலாம்’ என்பது அந்த நேரத்தில்தான். முதல் ஆள் விழுவார், காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். செப்டிக் டேங்க்கிலும் இதே கதைதான். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி ஆளை இப்படி இறக்கியவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணத்தை விடுங்கள், குடிநீர் வாரியத்தின் 1916-ஐ அழைத்து இயந்திரம் கேளுங்கள்.

திவ்யா, அண்ணா நகர்: ஜப்பானில் மூடியில் படமெல்லாம் வரைகிறார்களே?

ஆமாம், 2016 முதல் அந்த மூடிகளின் படம் போட்ட அட்டைகளை இலவசமாகவும் தருகிறார்கள். எனக்கும் ஒன்று வேண்டும்.

பாலாஜி, பள்ளிக்கரணை: வட்டம் சரி சார், முக்கோணமாக...

விழும்.

கண்ணன், வேளச்சேரி: இங்கே இப்போதே நல்ல மழை. ஒரே ஒரு மூடியை மட்டும், கொஞ்ச நேரம்...

கூடாது.