டரான்டுலாவுக்குப் போன கால் திரும்ப வளருமா?

மெக்சிகன் ரெட்நீ வகை டரான்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) ஒன்று கூண்டின் கம்பிவலை மூடியில் ஏறி, நகம் சிக்கி, ஒரு காலை இழந்துவிட்டது. பெண் சிலந்தி, கால் திரும்ப வளருமா, என்ன மருந்து போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெண் என்றால் வளரும். மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக முளைப்பதைப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த முறை சட்டை உரிக்கும்போது முழுக் காலாகவே வெளியே வரும்.

முதலில் எங்கே கழன்றிருக்கிறது என்று பாருங்கள். உடம்பை ஒட்டிய முதல் கணு மட்டும் நின்றால் கவலையில்லை. ஆபத்தில் காலை விட்டுவிட்டு ஓட வசதியாக அமைந்த மூட்டு அது. கழன்றதும் சுருங்கி அடைத்துக்கொள்ளும். நடுக்காலில் ஒடிந்து திரவம் கசிந்துகொண்டே இருந்தால்தான் அவசரம். அப்போது சோளமாவை அப்பிக் கசிவை நிறுத்துவார்கள். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது, ரத்த அழுத்தத்தில்தான் நீட்டுகிறது. ரத்தம் குறைந்தால் நடையே நின்றுபோகும்.

புதுக்கால் மிச்சமிருக்கும் அந்தக் கணுவுக்குள்ளேயே மடங்கியபடி உருவாகிறது. அதற்கு நேரம் வேண்டும். உரிப்பதற்குக் கொஞ்ச நாள்தான் இருக்கும்போது கால் போனால் அந்த முறை மொட்டையாகவே வரும், அதற்கடுத்த முறைதான் கால். குட்டிகள் அடிக்கடி உரிப்பதால் சீக்கிரம் தேறிவிடும். வளர்ந்த பெண் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் உரிக்கும். 20 வருஷத்துக்கு மேல் வாழும் பிராணிக்கு என்ன அவசரம்! முதலில் வரும் கால் மெலிந்து, நிறம் மங்கி இருக்கும். என்னிடம் இருக்கும் கர்லி ஹேர் வகை டரான்டுலாவுக்கு வந்தது ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. இரண்டு மூன்று உரிப்பில் மற்ற கால்களுக்குச் சமமாகிவிடும்.

உரிக்கும் காலம் நெருங்கினால் சாப்பாட்டைத் தொடாது, வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுக்கும். அப்புறம் வலையால் மெத்தை விரித்து மல்லாந்து படுக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பதறுவது இந்த நேரத்தில்தான். செத்தது பெரும்பாலும் குப்புறக் கிடக்கும், கால்கள் அடியில் சுருண்டிருக்கும். மல்லாந்திருப்பதைத் தொடவோ திருப்பவோ கூடாது, தண்ணீரும் தெளிக்க வேண்டாம். உள்ளே இரைப்பூச்சி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். உடம்பு மெத்தென்று இருக்கும்போது அது சிலந்தியையே கடித்துவிடும். உரித்து முடித்ததும் பற்கள் வெள்ளையாக இருக்கும். அவை சிவந்து, பிறகு நன்றாகக் கறுக்கும்வரை இரை போடாதீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

பெண் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பியிருந்தால், உரித்த சட்டையைத் தூக்கிப் போடாமல் ஈரமாக இருக்கும்போதே விரித்து, வயிற்றுப் பகுதியின் உட்புறத்தை லென்ஸில் பாருங்கள். பெண்ணுக்கு, ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் பையின் தோலும் அதோடு சேர்ந்து வந்திருக்கும். முன்கால்களின் அடியில் கொக்கியும், வாயருகே உள்ள சிறுகால்களின் நுனியில் உருண்டை தடிப்பும் தெரிந்தால் அது முதிர்ந்த ஆண். அதன் கடைசி உரிப்பு முடிந்துவிட்டது, போன கால் இனி வராது. ஆனாலும் ஏழு காலில் நன்றாகவே நடமாடும், இரையும் பிடிக்கும்.

எதுவானாலும் அந்தக் கம்பிவலை மூடியை இன்றைக்கே மாற்றுங்கள். துளை போட்ட அக்ரிலிக் தகடு போதும். டரான்டுலா கூண்டுக்கு வலை மூடியை ஏன் இன்னும் விற்கிறார்களோ, எனக்குப் புரியவில்லை.