ஜெர்மனியில் தனி அறையா, ஷேரிங்கா?

கேள்வி: என் மகளுக்கு ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு. தங்குவதற்குத் தனி அபார்ட்மென்ட், 'வேகே' எனப்படும் ஷேரிங் என இரண்டு வழி இருக்கிறதாம். நாங்கள் சைவம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் எப்படிப் படுப்பாள்? செலவானாலும் தனியாகவே எடுக்கச் சொல்லட்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், சகோதரி. நம்மூர் ஹாஸ்டல் போல மூன்று கட்டில் போட்ட ரூம் அல்ல அது. வேகேயிலும் உங்கள் மகளுக்குப் பூட்டு சாவியோடு தனி ரூம் உண்டு. பொதுவில் இருப்பது சமையலறையும் பாத்ரூமும்தான்.

சைவத்துக்குத் தனி அபார்ட்மென்ட்தான் சரி என்று தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் ஒரே அறை. கட்டிலுக்கு நாலடி தள்ளி அடுப்பு, தலைக்கு மேலே புகை அலாரம். மிளகாய் தாளித்தால் அலாரம் அலறும். ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துத் துண்டை விசிறிக்கொண்டு நிற்க வேண்டும். கோட்டு, போர்வை எல்லாம் தாளிப்பு வாசம் வேறு. வேகேயில் பொதுச் சமையலறை, படுக்கும் அறையை விட்டுத் தள்ளி இருக்கும். அவளுக்கென்று ஒரு வாணலி, ஒரு குக்கர், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு இருந்தால் போதும். (குக்கர் விசிலடிக்கும் என்று கூட இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவைக்கட்டும், மிரண்டுபோவார்கள்!)

விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிந்த வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோவில் மாதம் 992தான் கைக்கு வரும். வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. தனியாக இருந்தால் முழுவதும் இவள் தலையில். நாலு பேர் வேகேயில் பங்கு 4.59.

என் ஓட்டு, முதல் வருஷம் ஷேரிங்குக்குத்தான். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஞாயிறு கடைகள் மூடிக்கிடக்கும். அரசு அலுவலகத்திலிருந்து ஜெர்மனில் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லவாவது வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா? ஆனால் மூன்று, நாலு பேர் இருக்கும் சின்ன வேகேயாகப் பார்க்கட்டும். பாத்ரூமை யார் எந்த வாரம் கழுவுவது என்று அட்டவணை ஒட்டியிருக்கும். இவள் முறையைத் தவறவிட்டால் முகம் சுளிப்பார்கள். ஆண், பெண் கலந்து தங்குவதும் அங்கே சகஜம். பெண்கள் மட்டும் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

தீசிஸ் எழுதும் செமஸ்டரில் அமைதி வேண்டுமென்று தோன்றினால் அப்போது தனிக்கு மாறிக்கொள்ளலாம். காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால், இப்போதே இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். "அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று எவராவது மெயில் போட்டால் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.