சத்து மாத்திரை குடுத்தா பையன் ஒரு இடத்துல உக்காருவானா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 8 வயசு, மூணாவது படிக்கிறான். போன வருஷம் ஏடிஹெச்டின்னு (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனை) சொன்னாங்க, மாத்திரை ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. கிளாஸ்ல இப்ப பரவால்லன்னு மிஸ் சொல்றாங்க, ஆனா மத்தியான டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது. என் நாத்தனார் ஆன்லைன்ல மல்டிவிட்டமின் கம்மி (gummy, மிட்டாய் மாதிரி மெல்லுறது), ஒமேகா-3, ஜிங்க்னு மூணு டப்பா வாங்கி குடுத்து, இத குடு, அந்த மாத்திரைய நிறுத்திடுன்னு சொல்றாங்க. நிறுத்தலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: நிறுத்தாதீங்கம்மா. மாத்திரைல கிளாஸ்ல முன்னேற்றம் தெரியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுக்கு பதிலா வைக்கிற அளவுக்கு எந்த விட்டமினுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனா உங்க நாத்தனார் சொல்றது முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன். உடம்புல ஒரு சத்து நெஜமாவே குறைஞ்சிருந்தா அத சரி பண்ணணும், இதுல நான் மொதல்ல பாக்குறது இரும்பு. மூளைல டோபமைன்ங்குற, கவனத்துக்கு உதவுற ரசாயனம் தயாராக இரும்பு வேணும், ஏடிஹெச்டில தடுமாறுறதும் அந்த டோபமைன் விவகாரம்தான். 2004-ல பாரிஸ்ல பண்ண ஒரு ஆய்வுல ஏடிஹெச்டி பிள்ளைங்கள்ல 84% பேருக்கு ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு காட்டுற ரத்த அளவு) குறைவா இருந்துச்சு, மத்த பிள்ளைங்கள்ல 18% பேருக்குத்தான் (சின்ன ஆய்வு, பின்னாடி வந்த ஆய்வுகள்ல சிலது இத ஒத்துக்கல). ஹீமோகுளோபின் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும் ஃபெரிட்டின் கீழ கெடக்கலாம், அதனால ஃபெரிட்டின்னு பேர் சொல்லி கேளுங்க, சளி காய்ச்சல் இருக்கும்போது எடுக்காதீங்க, அப்ப அளவு பொய்யா ஏறி காட்டும். கூடவே விட்டமின் டி-யும் பாத்துடலாம்.

குறைவுன்னு வந்து டாக்டர் அயர்ன் சிரப் எழுதினா, குடுத்த கையோட டீ குடுக்காதீங்க. நம்ம வீடுகள்ல சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் சிரப், அடுத்து டீயும் பிஸ்கட்டும், அவ்வளவுதான், டீ இரும்ப உடம்புல சேர விடாம தடுத்துடும். லெமன் ஜூஸோட குடுத்தா நல்லா சேரும். பல்லு கருப்பா ஆகும், பயப்படாதீங்க, தேய்ச்சா போயிடும்.

இப்ப அந்த கம்மிக்கு வரேன். விட்டமின் மினரல் எல்லாம் கலந்த மாத்திரைய வச்சு நியூசிலாந்துல கிரைஸ்ட்சர்ச்ல 93 பிள்ளைங்களுக்கு 10 வாரம் சோதனை பண்ணி 2018-ல முடிவு போட்டாங்க. நிஜ மாத்திரை சாப்ட்டவங்கள்ல 47% பேர் நல்லா தேறினாங்க, டம்மி மாத்திரைலயே 28% பேர் தேறினாங்க, ஆனா துறுதுறுப்பு குறைஞ்சுதான்னு அப்பா அம்மாவ கேட்டா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. அந்த பிள்ளைங்க ஏடிஹெச்டி மருந்து எதுவும் எடுக்காதவங்க, ஒரு நாளைக்கு 10-க்கு மேல கேப்சூல் முழுங்கினாங்க. ஒரு கம்மிய வாய்ல போட்டுட்டு அந்த ரிசல்ட்ட எதிர்பாக்குறது நியாயமா சொல்லுங்க?

அப்ப அளவ ஏத்திடலாமேன்னு தோணும். அதையும் பண்ணி பாத்துட்டாங்க, 1984-ல கனடால வந்த ஆய்வுல மெகா டோஸ் விட்டமின் குடுத்ததுல பலன் ஒண்ணும் இல்ல, 42% பிள்ளைங்களுக்கு லிவர் என்சைம் ஏறிடுச்சு, அதாவது லிவருக்கு சிரமம்னு காட்டுற அறிகுறி. மூணு டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பின்னாடி இருக்குற பொடி எழுத்த படிங்க, மல்டிவிட்டமின்லயும் ஜிங்க் இருக்கும், தனி டப்பாலயும் இருக்கும், ரெண்டும் சேந்து ரொம்ப நாள் போனா உடம்புல காப்பர் குறைஞ்சு அதுவே ரத்தசோகைல கொண்டு போய் விடும். ஒமேகா-3 குடுத்தா பெருசா கெடுதல் இல்ல, பெருசா பலனும் இல்ல, காசு உங்களோடது. இன்னொண்ணு, மிட்டாய் மாதிரி இருக்குற ஒரு பொருள கை சும்மா இருக்காத பிள்ளை இருக்குற வீட்டுல டேபிள் மேல வைக்கவே கூடாது. அயர்ன் பாட்டில் இன்னும் மோசம், அளவுக்கு மீறி குடிச்சா உயிருக்கே ஆபத்து, பூட்டி வைங்க.

டிபன் பாக்ஸ் திரும்பி வர்றது மாத்திரையோட வேலை. அதனால காலைல ரெண்டு இட்லி அதிகமா சாப்பிட வச்சுட்டு அப்புறம் மாத்திரைய குடுங்க, மத்தியானம் கொஞ்சமா சாப்ட்டாலும் திட்டாதீங்க, சாயங்காலம் மருந்து எறங்கினதும் பசிக்கும், அப்ப முட்டை, சுண்டல், தோசைன்னு கனமா குடுங்க. மாசம் ஒரு தடவ வெயிட் பாத்து எழுதி வைங்க, எறங்கிட்டே போனா டாக்டர்கிட்ட காட்டுங்க, டோஸ மாத்துவாங்க.

கேள்வி: எங்க பொண்ணுக்கும் இதே பிரச்சனை, ஃபெரிட்டின் குறைவுன்னு வந்திருக்கு. சிரப் எதுக்கு, முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் போதாதா சார்?
- ஒரு அப்பா, தஞ்சாவூர்

பதில்: குறையாம பாத்துக்க கீரை சரி, குறைஞ்சதுக்கப்புறம் கீரைய மட்டும் நம்பினா ரொம்ப நாள் ஆகும் சார். பேரீச்சம்பழத்து மேல நம்ம ஊர்ல இருக்குற நம்பிக்கை அதுல இருக்குற இரும்ப விட பெருசு. சிரப்ப மூணு மாசம் போல குடுத்து திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. ஸ்கூல்ல வாரம் ஒரு தடவ இரும்பு மாத்திரை குடுக்குறாங்களான்னு பொண்ணுகிட்ட கேட்டு அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, வயித்துப் பூச்சிக்கு மருந்து எப்ப குடுத்தீங்கன்னு ஞாபகம் இல்லன்னா அதையும்.