சைகை மொழி ஆய்வகத்தில் வேலை: மகளைத் தடுக்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மொழியியல் எம்.ஏ. முடிக்கப்போகிறாள். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கச் சொன்னால், பல்கலைக்கழகச் சைகை மொழி ஆய்வகம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். ஆட்களை வரவழைப்பதும் வீடியோ எடுப்பதும்தான் வேலையாம். கடன் வாங்கிப் படிக்க வைத்தது இதற்குத்தானா? — திருச்சியிலிருந்து ஒரு தந்தை.

பதில்: தடுக்காதீர்கள் ஐயா. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மகளிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாகவே இது ஓரிரு ஆண்டு வேலைதான். மொழியியல், உளவியல் பக்கம் பிஎச்.டி. போகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்த அனுபவமும், அங்குள்ள பேராசிரியர் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைக் கடிதமும் விண்ணப்பத்தில் நன்றாகவே எடுபடும்.

இந்தத் துறை ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்கச் சைகை மொழிக்கு முறையான கட்டமைப்பு உண்டு என்று வாஷிங்டனில் உள்ள, காது கேளாதோருக்கான உயர்கல்வி நிறுவனமான காலடெட்டில் ஆங்கிலம் கற்பித்துவந்த வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் எழுதிக் காட்டினார். இன்று காலடெட்டில் மட்டுமல்ல, சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்திலும் சைகை மொழியை ஆராயும் ஆய்வகங்கள் இருக்கின்றன.

சரி, ஆட்களை வரவழைக்கும் வேலைக்கு வருவோம். நீங்கள் சாதாரணமாக நினைக்கும் அந்த வேலையில்தான் ஆய்வே நிற்கிறது. அமெரிக்காவில் காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பிறந்ததிலிருந்தே வீட்டில் சைகை மொழி பார்த்து வளர்ந்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களில் ஒருவர் நான்கு வயதில் கற்றிருப்பார், இன்னொருவர் பதினைந்தில். இருவரையும் ஒரே குழுவில் போட்டால் முடிவே தப்பாகிவிடும். யார் எப்போது, யாரிடம் கற்றார் என்று பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்வது ஒருங்கிணைப்பாளர்தான். காது கேளாதோர் சமூகம் சிறியது, ஒருவருக்கொருவர் தெரிந்திருப்பார்கள். ஆய்வகத்துக்கு வந்துபோன ஒருவர் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தால் அந்தப் பேச்சு சீக்கிரமே பரவிவிடும், அடுத்த ஆள் வரமாட்டார்.

வீடியோவும் அப்படித்தான். அமெரிக்கச் சைகை மொழியில் 'ஆம், இல்லை' என்று பதில் வரும் கேள்வி கேட்கும்போது புருவம் உயரும். 'யார், எங்கே' என்று கேட்கும்போது புருவம் சுருங்கும். புருவமும் அங்கே இலக்கணம். நெற்றி மேல் வெளிச்சம் சரியாக விழாவிட்டாலோ, முழங்கை சட்டகத்துக்கு வெளியே போய்விட்டாலோ, அன்றைய பதிவில் பாதி வீண். அப்புறம் ஈலான் என்ற மென்பொருளில் அதைத் திறந்து, வலது கைக்கு ஒரு வரி, இடது கைக்கு ஒரு வரி, புருவத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று குறிக்க வேண்டும். ஒரு நிமிட வீடியோவைக் குறிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதும் உண்டு. இதை ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தவருக்கு அந்த மொழியின் நெளிவு சுளிவு பிடிபட்டுவிடும். வகுப்பறையில் அது வராது.

இதில் பெரிய பொறுப்பு ஒன்றும் இருக்கிறது. பேச்சுப் பதிவில் பெயரை நீக்கிவிட்டால் ஓரளவு அடையாளம் மறையும். சைகை மொழியில் முகத்தை மறைத்தால் இலக்கணமும் சேர்ந்து போய்விடும். அதனால் சம்மதம் வாங்குவது பல படிகளாக நடக்கும்: ஆய்வகத்துக்குள் மட்டும் பார்க்கலாமா, மாநாட்டில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா? படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் போதாது. சைகை மொழியிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும். யார் எதற்குச் சம்மதித்தார் என்ற கணக்கை வைத்திருப்பதும், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் பதில் சொல்லும் தாள்களைத் தயார் செய்வதும் பெரும்பாலும் உங்கள் மகள் தலையில்தான் விழும். அக்கறையோடு செய்பவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

அதனால்தான் என் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல. மகளுக்குச் சைகை மொழி எவ்வளவு வரும்? இரண்டு செமஸ்டர் வகுப்பில் படித்தது அறிமுகம்தான். வேகமாகக் கை பேசும் ஒரு பெரியவரிடம் சம்மதப் படிவத்தை விளக்கவும், அவர் கேட்கும் சந்தேகத்தைப் புரிந்துகொள்ளவும் அது போதாது. ஊரில் இந்தியச் சைகை மொழி கொஞ்சம் தெரிந்திருந்தாலும் அது வேறு மொழி. அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழியோடு உறவுள்ளது. ஆங்கில எழுத்துகளை விரலால் காட்ட அங்கே ஒரு கை போதும், இந்தியச் சைகை மொழியில் இரு கையும் வேண்டும். இப்போதைக்குச் சரளம் இல்லையென்றால், நேர்காணலில் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, வேலையோடு சேர்த்து வகுப்பு தொடர ஏற்பாடு கேட்கட்டும்.

அடுத்த கேள்வி அந்த ஆய்வகத்தைப் பற்றியது. அங்கே காது கேளாத ஆய்வாளர்கள் இருக்கிறார்களா? முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா, கேமரா முன்னால் மட்டும் உட்காருகிறார்களா? கூட்டங்கள் எந்த மொழியில் நடக்கின்றன? எல்லாரும் காது கேட்பவர்களாகவே இருக்கும் சைகை மொழி ஆய்வகத்தில் உங்கள் மகள் கற்பது குறைவாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. காது கேளாத ஒருவர் வழிகாட்டியாகக் கிடைக்கும் இடத்தில் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

கடன் விஷயத்தையும் பேசிவிடுவோம். இத்தகைய பதவிகளில் பல, அரசு ஆய்வு நிதியிலிருந்து வருபவை. 2025-இல் அமெரிக்க அரசு பல ஆய்வு நிதிகளைப் பாதியிலேயே நிறுத்தியது. எனவே நிதி எந்த மாதம்வரை உறுதி, நின்றால் பல்கலைக்கழகம் சம்பளம் தருமா என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக இருந்தால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

ஒருவேளை ஊருக்குத் திரும்பினால்? இடங்கள் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்திலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. வீடியோ தொகுப்பை ஒழுங்காகக் கட்டி வைக்கத் தெரிந்தவர்கள் இங்கே தேவை.

உடனே செய்ய வேண்டியது விசா வேலை. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஓ.பி.டி. என்ற 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். வேலை படித்த துறையோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். மொழியியல் படித்தவருக்கு இந்த வேலையில் அந்தச் சிக்கல் வராது. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிந்து 60 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். இந்த வாரமே பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரம் வாங்கச் சொல்லுங்கள். 12 மாதத்துக்குப் பிறகு எந்த வழி, ஆய்வகம் விசாவுக்கு உதவுமா என்பதை வேலைக் கடிதம் கைக்கு வரும் முன்பே பேராசிரியரிடம் கேட்டுவிடட்டும்.