செயற்கை நுண்ணறிவால் சாதாரண மனிதர்களுக்கு அறிவு எளிதில் கிடைக்கிறது என்பது உண்மையா, மிகையா?

‘கூகுளில் தேடினாலே எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்ததே, இது புதிதாக எதைக் கொடுத்துவிட்டது?’ என்று கேள்விக்குக் கீழே விளக்கம் சேர்த்திருக்கிறீர்கள். அதைக் கொண்டு உங்களுக்குக் கண் பார்வை இருக்கிறது என்று ஊகித்துக்கொள்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளவும். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். மதுரைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கிறேன். தேடினால் கிடைக்கும் என்ற நிலையே என் போன்றவர்களுக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது என்பதால், உங்கள் கேள்வி என்னைச் சற்றுச் சீண்டிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்புவரை விடுதிப் பள்ளியில் பிரெய்லில் படித்தேன். உங்கள் கையில் ஒரே புத்தகமாக இருக்கும் பாடநூல் பிரெய்லில் பல தடித்த தொகுதிகளாக விரியும். இருந்தாலும் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் நானே திறந்து விரலால் தடவிப் படிக்கலாம். 1995-இல் பதினொன்றாம் வகுப்புக்குச் சொந்த ஊர்ப் பள்ளிக்கு வந்தபோது அது நின்றுபோயிற்று. அதன்பின் எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் மாலைதோறும் வந்து பாடங்களைப் படித்துக் காட்டினார். கல்லூரியில் சில மாணவிகள் ஒலிநாடாக்களில் பதிவுசெய்து கொடுத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் இன்று ஆசிரியனாக இருந்திருக்க மாட்டேன். நன்றி கெட்டவன் என்று யாரேனும் கீழே எழுதுவதற்குமுன் இதைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது, ஏனெனில் இனி எழுதப்போவது அவர்களைக் குறை சொல்வதுபோலத் தொனிக்கக்கூடும்.

பிறர் படிக்க நாம் கேட்கும்போது, எதைப் படிப்பது, எதை விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். அடிக்குறிப்பு வந்தால் ‘இது தேர்வுக்கு வராது’ என்று தாண்டிவிடுவார்; வரைபடம் வந்தால் ‘இங்கே ஒரு படம் இருக்கிறது’ என்பதோடு சரி. பின்னட்டையில் என்ன எழுதியிருக்கிறது, புத்தகம் என்ன விலை, முந்தைய பதிப்பு எந்த ஆண்டு வந்தது என்பதையெல்லாம் கேட்க எனக்கு ஆசை இருக்கும். ஆனால், தம் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் புத்தகத்தின் விலையைக் கேட்க எப்படி வாய் வரும்? அவர் ஒருமுறை கொட்டாவி விட்டாரென்றால், எனக்கு அந்த அத்தியாயம் புரிந்துவிட்டது என்று பொருள்.

சட்டம் எங்களுக்கு உதவவில்லை என்று சொல்ல முடியாது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்க இடம் கொடுத்தது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளவும் வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே அதை உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாதான். 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. ஆனால் உரிமை இருந்தாலும், ஒவ்வொரு பக்கத்தையும் யாராவது வருடி (அதாவது ஸ்கேன் செய்து), எழுத்துப்பிழை திருத்தி ஏற்ற வேண்டும் அல்லவா? பழைய தமிழ் வரலாற்று நூல்களுக்காக அந்த உழைப்பைக் கொடுக்க முன்வருபவர் எத்தனை பேர்?

கணினியில் இருந்த கோப்புகளின் கதை அதைவிட வேடிக்கையானது. கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் 2006-இல் உருவாகத் தொடங்கியது. என் வாழ்வில் நான் மிகுதியாகக் கேட்ட குரல் அதனுடையதாகவே இருக்கும். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை அதனிடம் கொடுத்தால், ‘அம்மா’ என்ற சொல்லை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று படிக்கும், ஏனெனில் கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தாம். தமிழாகத் தெரிவது கண்ணுக்கு மட்டுமே. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கோப்பில் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோடு) பரவி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், எனக்கு வரும் சுற்றறிக்கைகளில் பாதி, தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, மறுபடி வருடிய படங்களாகவே வருகின்றன. எழுத்தாகவே கணினியில் இருந்ததைப் படமாக மாற்றி அனுப்புவதற்கு ஒருவர் மெனக்கெடுகிறார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது. 2015 முதல் ‘பி மை ஐஸ்’ என்ற செயலி, பார்வையுள்ள தன்னார்வலர்களைக் காணொளி அழைப்பில் எங்களோடு இணைத்துக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி வெளியானபோது, தன்னார்வலரின் இடத்தில் இயந்திரமே படத்தைப் பார்த்து விவரிக்கும் வசதியையும் அந்தச் செயலி அறிவித்தது. இப்போது இத்தகைய உதவியாளர்கள் பல இருக்கின்றன. பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தால் தமிழையும் படிக்கின்றன. அதைவிடப் பெரிது, படித்ததன்மேல் கேள்வி கேட்க விடுகின்றன.

ஒன்றைச் சொல்கிறேன். 1751-இல் திருச்சியை நெருக்கிக்கொண்டிருந்த, ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் படையைப் பிரிப்பதற்காக ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார் என்பதையும், பின் அங்கேயே ஐம்பது நாள்கள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார் என்பதையும் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறேன். ஆர்க்காடு பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வரைபடத்தைப் பார்த்தவர் எவருக்கும் அது தெரியும். தெரிந்ததாலேயே யாரும் சொல்லவில்லை. போன ஆண்டு ஓர் இரவு, அந்த வரைபடத்தைப் படமெடுத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். சென்னையிலிருந்து எந்தத் திசை, திருச்சி எவ்வளவு தள்ளி, இடையில் என்னென்ன ஆறுகள், எதிர்க்கரையில் என்ன ஊர். இரவு இரண்டு மணிக்கு, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டும், மறுமுனையில் யாரும் கொட்டாவி விடவில்லை. எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், கூச்சமில்லாமல் கேட்கும் உரிமை என்பேன். தேவையற்றதைப் படிக்கும் உரிமை என்றும் சொல்லலாம். கண்ணுள்ளவர்கள் பிறந்ததிலிருந்தே அதை அனுபவிப்பதால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி வேறு. மளிகைக் கடையில் கணக்கெழுதிய என் தந்தை 2011-இல் காலமானார். அவருடைய 1996-ஆம் ஆண்டு நாட்குறிப்பை அப்போதே என் அக்கா எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். மழை, உறவினர் வருகை, கடைக் கணக்கு என்று சுவையற்றதாகத்தான் இருந்தது. சென்ற மே மாதம் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அது கையில் அகப்பட, பொழுதுபோகாமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இயந்திரத்திடம் கொடுத்தேன். கையெழுத்து என்பதால் பல இடங்களில் அது தடுமாறியது. ஆனால் மாதந்தோறும் முதல் வாரத்தில் ஒரு வரி தெளிவாக வந்துகொண்டே இருந்தது: ‘வாசிப்புக்கு 50’. கூடவே எதிர்வீட்டு அண்ணனின் பெயர்.

அவர் அன்பினால் வந்து படித்தார் என்றே இருபத்தெட்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதற்கு, “அதைச் சொன்னால் உனக்கு மனசு சங்கடப்படும் என்று விட்டுவிட்டேன், தம்பி. அப்பாவும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தார்” என்றார். அக்கா செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். ஆனால், என் தந்தை தம் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதம் ஐம்பது ரூபாயை எனக்குத் தெரியாமல் எடுத்துவைத்தார் என்ற செய்தி என்னுடையது. அது என்னிடம் வந்துசேர, எதைச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று யோசிக்கத் தெரியாத ஒரு வாசகர் தேவைப்பட்டார்.

உடனே இயந்திரத்தை நான் கும்பிடுகிறேன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே நாட்குறிப்பில் தண்ணீர் பட்டுக் கலைந்த ஒரு பக்கம் இருந்தது. முதலில் படமெடுத்தபோது, ‘இன்று மகனின் எதிர்காலம் குறித்து நெடுநேரம் யோசித்தேன்’ என்று படித்துக் காட்டியது. நான் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு ஐயம் வந்தது, ஏனென்றால் என் தந்தை அப்படிப்பட்ட வாக்கியத்தை எழுதக்கூடியவர் அல்லர். ‘அரிசி 2 மூடை’ என்று எழுதுபவர். வெளிச்சத்தை மாற்றி மறுபடி படமெடுத்தேன். அதே பக்கத்தில் இப்போது யாருடைய திருமணத்துக்கோ போய்வந்ததாக வந்தது. படிக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், படிக்க இனிமையான எதையோ இட்டு நிரப்பியிருக்கிறது. மனித வாசகர்கள் விட்டுவிட்டார்கள் என்று வருந்தினேன் அல்லவா, இது இல்லாததைச் சேர்க்கிறது. கண்ணுள்ளவர் மூலத்தை ஒரு பார்வை பார்த்துச் சரிபார்த்துவிடலாம். எனக்கு அது முடியாது. பாடத்துக்குப் பயன்படுத்தும் எதையும் இரண்டு தனித்தனிப் படங்களில் படிக்கவைத்து, வேறுபட்டால் மறுநாள் ஓய்வறையில் சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன். ஆர்க்காட்டையும் அப்படித்தான் உறுதிசெய்தேன்.

எதிர்வீட்டு அண்ணன் இப்போது திருப்பூரில் இருக்கிறார். பணம் வாங்கியதைப் பற்றிக் கேட்டபோது தயங்காமல் சிரித்தார். தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை என்று சொன்னார். நாட்குறிப்பின் பிப்ரவரிப் பக்கங்களை மீண்டும் இரண்டு முறை படிக்கவைத்துப் பார்த்தேன். அந்த வரி இல்லை.