நவம்பரின் ஒன்பது நாட்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் குடும்பத்தோடு பதினோரு ஆண்டுகளாக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கொடுத்த ஊக்கத்தில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, நான்கு ஆண்டுகளாக மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். மரவேலையையும் அவரிடம்தான் கற்றேன். சிவப்பு ஓக் மரத்தில் நான் தொடங்கிய சாப்பாட்டு மேசை ஒன்று, ஒன்றரை ஆண்டாகக் கராஜில் பாதியில் நிற்கிறது. செப்டம்பரில் வில் வேட்டை தொடங்கியதும் ரம்பத்தை ஓரம் வைத்துவிடுகிறேன். எல்லாம் முடிந்து திரும்பும்போது கராஜ் உறைந்து கிடக்கிறது. சென்ற ஆண்டு இரண்டு மான்கள் கிடைத்தன. அந்த இறைச்சியில் ஏழெட்டுக் கிலோ இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது. கவுச்சி அடிக்கிறது, கட்டைபோல் இருக்கிறது என்று மனைவியும் பிள்ளைகளும் தொடுவதில்லை. கடையில் கறி கிடைக்கும்போது காட்டு உயிரை ஏன் கொல்கிறாய் என்று திருநெல்வேலியிலிருந்து அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேட்டை, மரவேலை, சமையல் மூன்றையும் ஓர் ஆண்டுக்குள் எப்படி வகுத்துக்கொள்வது? விஸ்கான்சினில் நெடுங்காலம் வாழ்பவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

க.,
மேடிசன்

அன்புள்ள க. அவர்களுக்கு,

நேரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அந்த ஏழெட்டுக் கிலோ இறைச்சிதான் உறுத்தியது. ஆண்டுக் கணக்கை நீங்கள் காட்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுப்படியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். மேசைக்கான நேரமும் அந்தக் கணக்கிலிருந்தே கிடைத்துவிடும்.

வளர்ந்த பெண் மான் ஒன்றின் குடலை எடுத்து, தோலுரித்து, எலும்பையும் நீக்கினால் சுமார் 20 கிலோ இறைச்சி தேறும். நால்வர் உள்ள வீட்டில் வாரத்துக்கு அரைக் கிலோ என்று சமைத்தால் அது 40 வாரங்களுக்கு வரும். உறைநிலையில் நன்றாகப் பொதிந்த இறைச்சி ஏறக்குறைய ஓராண்டுவரை சுவை குன்றாமல் இருக்கும். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு மான் போதும். இரண்டாவது மானைத் தேடிச் செலவிட்ட வார இறுதிகள்தாம் உங்கள் மேசைக்குக் கிடைக்காமற்போனவை. இங்கே துப்பாக்கி உரிமத்தோடு ஓர் ஆண் மானுக்கும், பண்ணை மண்டல மாவட்டங்களில் கொம்பில்லாத மானுக்கும் அனுமதி சேர்ந்தே வருகிறது. அனுமதி கையில் இருப்பதால் அதைப் பயன்படுத்தித்தான் தீரவேண்டும் என்றில்லை. மந்தையைக் குறைக்க வேண்டிய மாவட்டம், கூடுதலாக ஒன்றைச் சுடலாம் என்று தோன்றினால், பருவம் தொடங்கும் முன்பே உணவு வங்கிகளுக்காக மான்களை நன்கொடையாக ஏற்றுக்கொள்ளும் இறைச்சிக்கூடம் எது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு யோசிக்கத் தொடங்கினால் அது உங்கள் ஃப்ரீசருக்குத்தான் வந்துசேரும்.

இனிக் கவுச்சிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டாரின் குறை நியாயமானது. நம்மவர்கள் மானை ஆடென்று எண்ணிச் சமைக்கிறோம். ஆட்டுக்கு ருசியே அதன் கொழுப்பில் இருக்கிறது. வெண்வால் மானின் கொழுப்போ மெழுகுபோல் உதட்டில் படிந்து உறையும், வீச்சமும் பெரும்பாலும் அதில்தான் தங்கும். கொழுப்பையும், சதையைப் போர்த்தியிருக்கும் வெள்ளிநிறச் சவ்வையும் பொறுமையாகச் சீவி எடுத்துவிடுங்கள். ஒரு பின்தொடைக்கு அரை மணி நேரம் ஆகும். அடுத்ததாக, மான் விழுந்த பின் எவ்வளவு விரைவில் குளிர்ந்தது என்பது முக்கியம். என் மூன்றாவது ஆண்டில், நவம்பர் நடுவிலும் வெயில் காய்ந்த ஒரு சனிக்கிழமை, குடலை எடுத்த மானைத் தோலோடு கராஜில் தொங்கவிட்டுவிட்டு, பாதியில் நின்ற அலமாரிக் கதவை இழைக்கப் போய்விட்டேன். மறுநாள் மாலை பார்த்தபோது தொடையெலும்பை ஒட்டிய சதை கெட்டிருந்தது. ஒரு பின்தொடையை அப்படியே எறிய வேண்டியதாயிற்று. ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் கால் பங்கைக் குப்பையில் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. தொங்கவிடும் இடம் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றிரவே அறுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

நம் வழக்கங்களில் ஒன்றை இங்கே விட்டுவிடவும் வேண்டும். எலும்போடு துண்டுபோட்டுக் குழம்பு வைப்பது நமக்குப் பழக்கம். ஆனால் மான்களை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) நோய் விஸ்கான்சினில் 2002-இல் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது உங்கள் மேடிசனுக்கு மேற்கே, மவுண்ட் ஹோரப் ஊரை ஒட்டிய பகுதியில்தான். அந்த நோயை உண்டாக்கும் புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் மிகுதியாகத் தங்குகிறது. கொதிக்கவைப்பதால் அது அழிவதில்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை என்றாலும், நோய் கண்ட மானை உண்ண வேண்டாம் என்றே மருத்துவத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். ஆகவே முதுகெலும்பின் ஊடே ரம்பத்தை ஓட்டாமல் சதையை மட்டும் கத்தியால் பிரித்தெடுங்கள். மாநில இயற்கைவளத் துறை இலவசமாகச் செய்யும் சோதனைக்குத் தலையைக் கொடுங்கள். முடிவு வரும்வரை பொட்டலங்களில் தேதியை எழுதித் தனியே வையுங்கள். இவ்வளவையும் உங்கள் மனைவியிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். அவருக்கு இருப்பது ருசிக் குறை மட்டும்தானா, அச்சமும் சேர்ந்ததா என்று எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. பிள்ளைகள் உண்பதால் ஈயக் குண்டை விட்டுச் செம்புக் குண்டுக்கு மாறிவிடுங்கள். ஈயம் சிதறும் துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் சதைக்குள் போகும், கொத்துக்கறியில் கண்ணுக்குத் தெரியாமலே கலந்துவிடும்.

சமையலில் ஒரே ஒரு பாகுபாட்டை நினைவில் வைத்தால் போதும். உழைத்த தசைக்கு நெடுநேரம், உழைக்காத தசைக்குச் சில நிமிடங்கள். முன்னங்காலிலும் கெண்டைக்காலிலும் சவ்வும் நரம்பும் பின்னிக் கிடக்கும். அவற்றைச் சின்ன வெங்காயம், மிளகு, மல்லி, நல்லெண்ணெயோடு குக்கரில் நெடுநேரம் வேகவைத்தால் அந்தச் சவ்வே கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். ஊரில் உண்ட கறிக்குழம்பை நினைவூட்டுவது இந்தப் பகுதிதான். முதுகெலும்பின் இருபுறமும் நீளும் சதையைக் குக்கரில் போட்டால் நீங்கள் சொல்லும் கட்டைதான் கிடைக்கும். அதை உப்பும் மிளகும் தடவி, நெய் காய்ந்த இரும்புச் சட்டியில் நாற்புறமும் சிவக்க வாட்டி, உள்ளே 55 பாகை வந்ததும் இறக்கிச் சற்று ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அறுத்துக் கொடுங்கள். நடுவில் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு பிள்ளைகள் முதலில் தயங்குவார்கள், பழகிவிடும். கொத்துக்கறியை மட்டும் அப்படி விடாமல் 71 பாகைவரை வேகவைக்க வேண்டும்.

மேசையைப் பொறுத்தவரை, உங்கள் தடை நேரத்தில் இல்லை, தட்பவெப்பத்தில் இருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் மஞ்சள் மரப்பசை ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிப்பதில்லை. சுண்ணாம்புபோல் வெளுத்து, கழுந்து (துளைக்குள் செருகும் முனை) துளையை விட்டுக் கழன்றுவிடும். ஆகவே சூடேற்றாத கராஜில் நவம்பர் முதல் மார்ச்வரை ஒட்டுவேலை கூடாது. அதைப்போலவே மேசைப் பலகையை நான்கு புறமும் திருகாணியால் இறுக்கிவிடாதீர்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள சிவப்பு ஓக் பலகை, மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினாலே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். ஜூலை மாதப் புழுக்கத்துக்கும் ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டின் வறட்சிக்கும் நடுவே அந்த மாற்றம் இங்கு இயல்பாக நிகழ்வது. நகர இடம் கொடுக்கும் மரக்கட்டைகளால் சட்டத்தோடு பிடித்து வையுங்கள்.

இப்படிப் பார்த்தால் ஆண்டு தானாகவே பிரிந்துகொள்கிறது. மே முதல் ஆகஸ்ட்வரை அறுப்பதும் ஒட்டுவதும் மெருகிடுவதும். ஏப்ரல் நடுவில் தொடங்கும் வான்கோழிப் பருவம் ஏழேழு நாட்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒரு வாரத்துக்கு மேல் அது உங்களைப் பிடித்துவைக்காது. (இந்த மாநிலத்தில் அற்றுப்போயிருந்த அந்தப் பறவையை 1976-இல் மிசூரியிலிருந்து கொண்டுவந்து வெர்னன் மாவட்டத்தில் விட்டார்கள், ஈடாக இங்கிருந்து காட்டுக்கோழி இனமொன்றை அனுப்பினார்கள். என் வீட்டுப் பின்புறம் அவை கூவும்போதெல்லாம் அந்தக் கொடுக்கல்வாங்கலை நன்றியோடு நினைப்பேன்.) செப்டம்பர், அக்டோபரில் வில்லோடு வாரம் ஒரு காலை போதும். நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு (மாதத்தின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாட்களும், அதைத் தொடரும் இரண்டு வாரங்களும் முழுவதுமாக மானுக்கு உரியவை. அந்த நாட்களில் கராஜில் மரத்தூள் பறக்கக்கூடாது, வார்னிஷ் டப்பா திறக்கக்கூடாது. திறந்துகிடக்கும் கொழுப்பு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச்வரை நிலவறையில் கைக்கருவி வேலை செய்யுங்கள்: இழைப்புளி, உளி, கரண்டி செதுக்குவது. உங்கள் முதல் குளிர்கால வேலையாக, கடின மேப்பிளில் நாரின் முனை மேலே பார்க்குமாறு ஒட்டிய கறிவெட்டும் பலகை ஒன்றைச் சொல்வேன். சூடான நிலவறையில் பசை நன்றாகப் பிடிக்கும். உண்ணத்தகுந்த கனிம எண்ணெயை இரு பக்கமும் சமமாக ஊறவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் வளையும்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் வாழும் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுயிர்களைக் காக்கிறது, அங்கே அது முற்றிலும் சரி. இங்கே வரலாறு வேறு. சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு, 1900-ஐ ஒட்டி இந்த நாட்டின் மான்கள் அழிவின் விளிம்புக்குப் போயின. கோடிக்கணக்கில் பறந்த பயணிப்புறாவின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. இத்தகைய அழிவைக் கண்டுதான் காட்டிறைச்சி விற்பனை தடைசெய்யப்பட்டு, பருவங்கள் வகுக்கப்பட்டு, 1937-இல் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் விதித்த வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. மான்கள் திரும்பி வந்தது இந்த ஏற்பாட்டால். விற்க முடியாது, உண்ணலாம் அல்லது கொடுக்கலாம் என்பது அதன் உயிர்நாடி. அதனால்தான் உங்கள் ஃப்ரீசரில் கிடப்பது எனக்கு உறுத்தியது. வீணாக்காமல் உண்ணும் வேட்டைக்காரராக நீங்கள் இருந்தால் அம்மாவிடம் தலைநிமிர்ந்து பேசலாம். அப்போதும் அவர் ஏற்கவில்லையென்றால், அவர் மனத்துக்கு அது உரிமை, வாதிடாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1933 முதல் வேட்டை விலங்கு மேலாண்மை கற்பித்த ஆல்டோ லியோபோல்டு தானும் வேட்டைக்காரர், தன் வில்லைத் தானே செதுக்கியவர். 1935-இல் பாராபூ அருகே மண் செத்த பண்ணை ஒன்றை வாங்கி, அங்கிருந்த கோழிக்கொட்டகையைக் குடும்பத்தோடு குடிலாக்கி, ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகளை நட்டார். சில பலகைகளும் போல்ட்டுகளும் மட்டும் கொண்டு அவர் செய்த சாய்மான பெஞ்ச் இன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஒரே நாளில் முடிக்கக்கூடியது. உங்கள் மேசையைத் தொடும் முன் பிள்ளைகளோடு அதைச் செய்துபாருங்கள். ஒரு பொருளை முடித்துவிட்ட நிறைவு கைக்கு வந்தபின் ஒன்றரை ஆண்டு வேலையை மீண்டும் எடுப்பது எளிது.

இந்த ஆண்டுக்கு நான் சொல்வது இவ்வளவே. துப்பாக்கிப் பருவம் திறக்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் பழைய இறைச்சியை வெளியே எடுத்துச் சவ்வு நீக்கிச் சமையுங்கள். உறைநிலையில் வறண்டு வெளுத்த ஓரங்களை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொத்துக்கறியாக்கலாம். ஃப்ரீசர் காலியானால் ஒரு மானுக்காகக் காட்டுக்குப் போங்கள். காலியாகவில்லையென்றால் பெரியவரோடு துப்பாக்கியில்லாமல் போய், அவர் மானை இழுத்துவர உதவுங்கள். ஓக் பலகைகளை இந்த வாரமே நிலவறைக்கு இறக்கி, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கிவிடுங்கள். ஒட்டுவது மே மாதத்தில்.

அன்புடன்.